வீட்டில் செய்யும் நீர்மூழ்கிக்குப் பேட்டரிப் பெட்டி: எந்தப் பைப், எந்த மூடி, என்ன செலவு

காரைக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் செம்புறாங்கல் கட்டிய ஊருணி ஒன்று இருக்கிறது. தண்ணீர் நிறைந்திருக்கும்போது அடிப்படிகள் சரிந்திருக்கின்றனவா என்று யாராலும் சொல்ல முடியாது. கேமரா கட்டிய சிறு நீர்மூழ்கி ஒன்றைச் செய்து இறக்கிப் பார்க்கலாம் என்று நானும் என் சித்தப்பா மகனும் ஆரம்பித்தோம். மோட்டார், கேமரா, கட்டுப்பாடு எல்லாம் இரண்டு மாதத்தில் முடிந்தன. பேட்டரியை நனையாமல் வைக்க மட்டும் ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. மூன்று பெட்டிகளும் மூன்று பேட்டரிகளும் போயின.

உங்களுக்கு அந்தச் செலவு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். மூன்று தோல்விகளிலும் நான் கற்ற பாடம் ஒன்றுதான். பெட்டியின் உடம்பு எவ்வளவு உறுதி என்று பார்த்து வாங்கினேன். தண்ணீர் வாய் வழியாக, அதாவது மூடியும் வயரும் இருக்கும் திறப்புகள் வழியாக வந்தது. ஒரு பொருளைக் கையில் எடுத்ததும் "இது எவ்வளவு தாங்கும்?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இதில் ஒரு நல்ல வாய் அமைக்க நம் ஊர் லேத் பட்டறையில் முடியுமா?" என்று கேளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே உள்ளது எல்லாம் ஆள் ஏறாத, 1 மீட்டருக்குள் நீளமுள்ள, 5 மீட்டர் ஆழம் வரை போகும் சிறு நீர்மூழ்கிக்கு. ஆள் உட்காரும் எதற்கும் இந்தக் கணக்குகளைப் பயன்படுத்தாதீர்கள். சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கும் மத்ஸ்யா 6000, 3 பேரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக 80 மில்லிமீட்டர் கனமுள்ள டைட்டானியம் கோளம் வைத்திருக்கிறது. 2023 ஜூனில் அட்லாண்டிக்கில் நொறுங்கிய டைட்டனின் உடல் கார்பன் நாரால் செய்தது. உள்ளே இருந்த 5 பேரும் இறந்தார்கள். வெளியிலிருந்து அழுத்தும் தண்ணீருக்கு எந்தப் பொருள் எப்படி வளைந்துகொடுக்கும் என்பது அவ்வளவு கடுமையான விஷயம்.

1. ஆழத்தைக் கிலோவாக மாற்றிப் பாருங்கள்

10 மீட்டர் ஆழத்துக்கு ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 1 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். 1 மீட்டருக்கு 100 கிராம். கேட்க அற்பமாக இருக்கும். மூடியின் பரப்பால் பெருக்கிப் பாருங்கள்.

என் முதல் பெட்டி வீட்டில் இருந்த எவர்சில்வர் சம்படம். இறுக்கமான மூடி, சுற்றிலும் சிலிகான் பூசினேன். மூடியின் விட்டம் 20 சென்டிமீட்டர், பரப்பு 314 சதுர சென்டிமீட்டர். 1 மீட்டர் ஆழத்திலேயே அதன் மேல் 31 கிலோ உட்காருகிறது. கிணற்றில் கயிறு கட்டி 3 மீட்டர் இறக்கினேன். அங்கே 94 கிலோ. மேலே தூக்கியபோது மூடி நடுவில் கிண்ணம்போலக் குழிந்திருந்தது. விளிம்பு ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தது. உள்ளே முக்கால் பங்கு தண்ணீர்.

தட்டையான மெல்லிய பரப்பு எதுவும் ஆழத்துக்கு ஆகாது. மின்கடைகளில் விற்கும் ஐபி67 என்று அச்சிட்ட சதுரப் பெட்டிகளும் இதே கதைதான். ஐபி67 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்கும் என்று மட்டுமே பொருள். ஐபி68 என்று போட்டிருந்தால் எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரித்தவரே முடிவுசெய்கிறார். அவருடைய தாளைப் படிக்காமல் நம்பாதீர்கள். உருளை வடிவம்தான் நமக்குச் சரி. அதுவும் முடிந்தவரை குறுகிய விட்டம்.

2. பேட்டரியை முதலில் வாங்குங்கள், பைப்பைப் பிறகு

நான் தலைகீழாகச் செய்தேன். 110 மில்லிமீட்டர் பைப்பை வெட்டி, மூடி எல்லாம் செய்துவிட்டு, யூபிஎஸ்ஸில் போடும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய பேட்டரியை வாங்கி வந்தேன். அதன் அகலம் 65, உயரம் 94 மில்லிமீட்டர். இரண்டும் 110-க்குள் இருக்கிறதே என்று நினைத்தேன். வட்டத்துக்குள் நுழைய வேண்டியது மூலைவிட்டம். அது 114. பைப்பின் உள்விட்டமோ 100-ஐ ஒட்டி. பேட்டரி நுழையவே இல்லை. அதற்கு 140 பைப் வேண்டும். மூடியின் பரப்பு கூடும், மிதப்பும் கூடும், அதை அமுக்க எடையும் கூடும்.

இப்போது நான் வைத்திருப்பது 32700 என்ற அளவுள்ள லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்கள் 4. ஒவ்வொன்றும் 32 மில்லிமீட்டர் விட்டம், 70 நீளம், 3.2 வோல்ட், 6 ஆம்பியர்-மணி. நான்கையும் சதுரமாகச் சேர்த்துக் கட்டினால் சுற்றுவட்டம் 78 மில்லிமீட்டருக்குள் அடங்கும். ஈய பேட்டரி 2 கிலோவுக்கு மேல். இது அரைக் கிலோவை ஒட்டி. வயிறு உப்பும் லித்தியம் பாலிமர் பைகளை மூடிய பெட்டிக்குள் வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. பறக்கும் பொம்மைகளுக்கு அவை சரி, இங்கே வேண்டாம்.

வாங்கும்போது பில்லும் செல்லின் தரவுத்தாளும் கேட்டு வாங்குங்கள். எத்தனை ஆம்பியர் வரை இழுக்கலாம் என்பது அந்தத் தாளில்தான் இருக்கும். கல்லூரிப் போட்டிக்கு எடுத்துப்போனால் நடுவர்கள் முதலில் கேட்பதும் அதைத்தான். லித்தியம் செல்களைப் பெரும்பாலும் தரைவழியாகத்தான் அனுப்புகிறார்கள். எனக்கு வந்துசேர 9 நாள் ஆனது. சார்ஜரை மறந்துவிடாதீர்கள். 4 செல் தொடருக்கு 14.6 வோல்ட்டில் நிற்கும், இந்த வகைக்கென்றே உள்ள சார்ஜர் வேண்டும்.

3. பொருள்

எனக்குக் கிடைத்தவற்றையும் மற்றவர்கள் சிபாரிசு செய்தவற்றையும் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

*பிவிசி பைப்.* புதியவர்களுக்கு இதுவே என் தேர்வு. விவசாயப் பைப் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது, அடிக்கணக்கில் வெட்டித் தருகிறார்கள், சொல்யூஷன் போட்டால் இரண்டு துண்டும் ஒன்றாகவே கரைந்து சேர்ந்துகொள்ளும், உப்புத் தண்ணீருக்குத் துரு இல்லை. குறை: வெயில். சூட்டில் பிவிசி இளகும், விறைப்பு குறையும். சித்திரை வெயிலில் காரின் பின்பக்கம் பெட்டியைப் போட்டுவிட்டு நேராகத் தண்ணீரில் இறக்காதீர்கள். வெள்ளை பெயின்ட் அடித்து, ஈரத் துணி சுற்றி எடுத்துப்போங்கள்.

*கறுப்பு ஹெச்டிபிஈ பைப்.* போர்வெல் வேலைக்குப் போடுவது. உழைப்பில் பிவிசியைவிட நல்லது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் எந்தப் பசையும் அதில் பிடிக்காது. சூடாக்கித்தான் இணைக்க வேண்டும். வாய் அமைக்க முடியாத பொருள் என்று நான் சொல்வது இதைத்தான்.

*அக்ரிலிக் குழாய்.* உள்ளே தெரியும் என்பதே இதன் பெருமை. விலை அதிகம், நம் பக்கம் கையிருப்பில் இருக்காது. தின்னர், அசிட்டோன், பெட்ரோல், ஸ்பிரிட் எது பட்டாலும் மயிரிழை வெடிப்புகள் ஓடும், அதுவும் சில நாள் கழித்து. முழுப் பெட்டிக்கு வேண்டாம், மூடிக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

*அலுமினியம்.* 6061 அல்லது 6082 என்ற கலவையில், அனோடைஸ் செய்தது என்றால் மிக நல்ல பெட்டி. சூட்டையும் வெளியே கடத்திவிடும். ஆனால் கடல் தண்ணீரில் எவர்சில்வர் போல்ட்டோடு நேரடியாகத் தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும். கெட்டியான கம்பியைக் கடைந்து எடுக்கும் கூலியே நம் மொத்தப் பட்ஜெட்டைத் தாண்டும். இரண்டாவது நீர்மூழ்கிக்கு யோசியுங்கள்.

*எவர்சில்வர் குழாய்.* 304 தரம் ஊருணித் தண்ணீருக்குப் போதும். கடலுக்கு 316 வேண்டும். அங்கேயும் ஓ-ரிங் (மூடியின் இடைவெளியை அடைக்கும் ரப்பர் வளையம்) உட்காரும் இடுக்கு, போல்ட் தலையின் அடி போன்ற காற்றுப் புகாத சந்துகளில்தான் அரிப்பு முதலில் ஆரம்பிக்கும். பார்வைக்குப் பளபளவென்று இருக்கும். ரிங்கைக் கழற்றினால் அடியில் ஊசிக்குழிகள்.

*பித்தளை.* காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இந்த ஆசை வராமல் இருக்காது. கனமான பித்தளைச் செம்பு, இறுக்கமான மரை மூடி. உப்புத் தண்ணீரில் பித்தளையிலிருந்து துத்தநாகம் கழன்றுபோய் மீதி பொலபொலத்துவிடும். அதற்காக அந்தப் பாத்திரத்தைத் துளைபோடவும் எனக்கு மனம் வரவில்லை.

*நைலான்.* லேத் பட்டறையில் "இருக்கு, போட்டுத் தரவா?" என்பார்கள். நைலான் தண்ணீரைக் குடித்து ஊதும். இன்று சரியாகப் பொருந்திய மூடி நாளை சிக்கிக்கொள்ளும். அதே வெள்ளை நிறத்தில் டெல்ரின் என்றொரு கம்பி உண்டு. அதைக் கேட்டு வாங்குங்கள்.

அரிப்பைப் பற்றி ஆழமாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் காரைக்குடியிலேயே சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பேட்டரியும் உலோக அரிப்பும்தான் அவர்கள் ஆராய்ச்சியின் இரண்டு கண்கள். மண்டபத்தில் கடலோரமாக உலோகத் தகடுகளை வைத்தே சோதிக்கிறார்கள். பொதுமக்களை உள்ளே விடும் நாள் வழக்கமாகச் செப்டம்பர் கடைசியை ஒட்டி வரும். அறிவிப்பைப் பார்த்துப் போய், கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு கேளுங்கள்.

4. பைப் கடையில்: "எத்தனை கிலோ?"

நான் ஏமாந்த இரண்டாவது இடம். கடைக்காரர் கேட்டார்:

"தம்பி, நாலு கிலோவா, ஆறு கிலோவா, பத்துக் கிலோவா?"

"நாலு கிலோவே போதும்ணே. அஞ்சு மீட்டர்தான் இறக்கப் போறேன். அரைக் கிலோதானே வரும்."

பைப்பின் மேல் அச்சிட்டிருக்கும் அந்தக் கிலோ, உள்ளே ஓடும் தண்ணீர் வெளியே தள்ளும் அழுத்தத்துக்கு. நம் பெட்டியை வெளியிலிருந்து தண்ணீர் நசுக்குகிறது. உள்ளிருந்து தள்ளினால் பைப் ஊதி வெடிக்க வேண்டும், அதற்கு நிறைய விசை வேண்டும். வெளியிலிருந்து அமுக்கினால் ஓரிடத்தில் சற்றே தட்டையானாலும் போதும், அப்படியே மடிந்துவிடும். இந்த மடிவைத் தாங்கும் திறன் கனத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. விட்டம் மாறாமல் கனம் இரட்டித்தால் தாங்கும் திறன் 8 மடங்கு.

110 மில்லிமீட்டர் பைப்புக்கு நான் போட்ட கணக்கு இது. 4 கிலோ பைப்பின் கனம் 2.5 மில்லிமீட்டர், வட்டம் பிசகாத நீண்ட பைப் ஏறக்குறைய 8 மீட்டரில் மடியும். 6 கிலோ பைப்பின் கனம் 3.7, ஏறக்குறைய 27 மீட்டர். 10 கிலோ பைப்பின் கனம் 6.1, ஏறக்குறைய 120 மீட்டர். ஆனால் கடைப் பைப் எதுவும் சரியான வட்டம் இல்லை. வெயிலில் கிடந்து கொஞ்சம் முட்டை வடிவம் ஆகியிருக்கும். நீண்ட நேரம் அழுத்தத்தில் இருந்தால் பிவிசி மெல்ல மெல்ல வளையவும் செய்யும். ஆகவே மூன்றில் ஒரு பங்குதான் நான் நம்புவது: இரண்டரை, ஒன்பது, நாற்பது. 5 மீட்டருக்கு 4 கிலோ பைப் ஆகாது. 6 கிலோ போதும், 10 கிலோ நிம்மதி. அடிக்கு வரும் விலை வித்தியாசம் ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுகூட இல்லை.

கடையிலேயே இரண்டு வேலை செய்யுங்கள். வெட்டிய துண்டின் விட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்து பாருங்கள். 1 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வேறு துண்டு கேளுங்கள். விளிம்பில் கனம் சுற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். தரமுத்திரையும் கிலோவும் அச்சிட்ட பைப்பையே வாங்குங்கள். அச்சில்லாத பைப்பில் "பத்துக் கிலோதான்" என்று வாயால் சொன்ன ஒரு கடையில் 4.5 மில்லிமீட்டர் கனத்தை அளந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன்.

5. வாய்

இந்தப் பகுதியில் அவசரப்படாதீர்கள். உங்கள் மொத்த நேரத்தில் பாதி இதற்குப் போகட்டும்.

பெட்டிக்கு இரண்டு முனை. ஒன்றை நிரந்தரமாக அடைத்துவிடுங்கள்: 10 கிலோ எண்ட் கேப், நிறையச் சொல்யூஷன், 24 மணிநேரம் காயல். திறக்கும் முனைகள் இரண்டு இருந்தால் கவலையும் இரண்டு.

மறுமுனையில் மரை மூடி போடலாம் என்று தோன்றும். பைப் கடையில் கிடைக்கும் மரை மூடிகள் டெஃப்லான் நாடா சுற்றி ஒருமுறை இறுக்கி விடுவதற்கானவை. வாரம் இருமுறை கழற்றி மாட்டினால் ஒழுகும். பைப்புக்குள் நுழையும் அடைப்பில் ஓ-ரிங் போடும் முறையும் கடைப் பைப்பில் சரிவராது. உள்சுவர் வட்டமாக இல்லாததால் ஒரு பக்கம் ரிங் இறுகும், மறுபக்கம் தொடவே தொடாது. அதற்கு உட்பக்கத்தை லேத்தில் கடைய வேண்டும்.

எனக்குச் சரிவந்தது முகத்தோடு முகம் அமரும் மூடி. பைப் கடையில் 110 டெயில் பீஸும் அதற்கான ஃபிளேஞ்சும் (போல்ட் துளைகள் உள்ள வளையம்) கேளுங்கள். மோட்டார் வால்வுகளுக்குப் போடுவது. டெயில் பீஸைப் பைப்பில் ஒட்டிவிட்டால் அகலமான ஒரு விளிம்பு கிடைக்கும். அதன் மேல் 12 மில்லிமீட்டர் அக்ரிலிக் வட்டம். அக்ரிலிக்கில் லேத்தில் ஒரு பள்ளம், அதில் ஓ-ரிங். ரிங்கின் தடிமன் 3.5 மில்லிமீட்டர் என்றால் பள்ளத்தின் ஆழம் 2.7, அகலம் 4.7. ரிங் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக நசுங்க வேண்டும், நசுங்கியதும் பக்கவாட்டில் விரிய இடமும் வேண்டும். அகலத்தையும் 3.5 வைத்துக் கடைந்த பட்டறையில் ரிங் பிதுங்கி வெளியே வந்தது. அளவைத் தாளில் எழுதிக் கொடுங்கள், வாயால் சொல்லாதீர்கள்.

ரிங் நைட்ரைல், கடினம் 70. அதற்குச் சிலிகான் கிரீஸ், விரலில் எடுத்துப் பளபளப்பு வரும் அளவுக்கு மட்டும். சிலிகான் ரப்பர் ரிங்குக்குச் சிலிகான் கிரீஸ் போட்டால் ரிங் ஊதும். இதைத் தெரியாமல் ஒன்றைக் கெடுத்தேன். கிரீஸ் என்பது ரிங் புரளாமல் உட்காருவதற்குத்தான். ஓட்டையை அது அடைக்காது.

இனி டெயில் பீஸின் முகம். சிலவற்றில் வாஷர் பிடிப்பதற்கென்று வளையம் வளையமாகக் கோடுகள் இருக்கும். அந்தக் கோட்டின் மேல் ஓ-ரிங் அமர்ந்தால் நிச்சயம் ஒழுகும். முகத்தை மட்டமாக்க வேண்டும். இதற்கு வழி காட்டியவர் ஆத்தங்குடியில் கல் வார்க்கும் ஒரு பெரியவர். ஆத்தங்குடிக் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் கவிழ்த்துத்தானே வார்க்கிறார்கள். அந்தப் பளபளப்பும் மட்டமும் கண்ணாடி கொடுப்பவை. "கண்ணாடியை விட மட்டம் நம்ம கைக்கு எது கிடைக்கும் தம்பி?" என்றார். தடித்த கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்து, அதன் மேல் 220 எண் தண்ணீர் உப்புத்தாளை நனைத்து ஒட்டி, டெயில் பீஸின் முகத்தை அதில் கவிழ்த்து எட்டுப் போடுவதுபோலத் தேயுங்கள். தேய்க்கும் முன் முகத்தின் குறுக்கே பென்சிலால் இருபது கோடு போட்டுக்கொள்ளுங்கள். எங்கே கோடு அழியவில்லையோ அங்கே பள்ளம். எல்லாக் கோடும் அழியும்வரை தேய்த்து, பிறகு 400 எண் தாளில் ஒருமுறை. எனக்கு 50 நிமிடம் ஆனது. வெள்ளைக் குழம்பு வழிய வழிய, கடைசிப் பென்சில் கோடு மெல்ல மங்கி மறையும்போது ரிங்கின் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

மூடியின் போல்ட் துளைகளைப் போல்ட்டைவிட 1 மில்லிமீட்டர் பெரிதாகத் துளையுங்கள். துளையின் உட்புறத்தையும் உப்புத்தாளால் வழித்துவிடுங்கள். அக்ரிலிக்கில் வெடிப்பு ஆரம்பிப்பது சொரசொரப்பான துளையின் விளிம்பில்தான். ஒவ்வொரு போல்ட்டுக்கும் வாஷர். விரலால் இறுக்கி, எதிரெதிராக ஸ்பேனரில் கால் சுற்று. அவ்வளவுதான். ஆழத்தில் தண்ணீரே மூடியை 47 கிலோவில் அழுத்திக்கொண்டிருக்கும். போல்ட் தேவைப்படுவது மேற்பரப்பில் மட்டும்.

மூடிக்கு அக்ரிலிக்கை நான் விரும்புவதற்கு இன்னொரு காரணம் உண்டு. ரிங் சுற்றிலும் நசுங்கியிருந்தால் மூடி வழியாகப் பார்க்கும்போது ஒரே அகலத்தில் கறுப்பு வளையம் தெரியும். எங்காவது அது மெலிந்தால் தண்ணீரில் இறக்கும் முன்பே தவறு தெரிந்துவிடும்.

6. வயர் வெளியே வரும் இடம்

என் மூன்றாவது பேட்டரியைக் கொன்றது இதுதான். மூடி ஒரு சொட்டு விடவில்லை, கேபிள் கிளாண்டை (கேபிளைச் சுற்றி இறுக்கும் திருகு அடைப்பு) சுற்றியும் காய்ந்திருந்தது, ஆனால் அடியில் 2 ஸ்பூன் தண்ணீர். கேபிளின் மேலுறையில் வெளியே எங்கோ ஒரு கீறல். அதன் வழியே புகுந்த தண்ணீர் செப்பு இழைகளுக்கு இடையில் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஊர்ந்து, கிளாண்டுக்குள் கேபிளோடு கேபிளாகவே உள்ளே வந்துவிட்டது.

கிளாண்டை மட்டும் நம்பாதீர்கள். எண்ட் கேப்பில் துளை போட்டு, அந்தத் துளைக்குள் வரும் இடத்தில் ஒவ்வொரு வயரிலும் 1 சென்டிமீட்டர் உறையை உரித்து, இழைகளின் இடைவெளி முழுக்க ஈயப்பற்று ஏறும்படி சால்டர் செய்யுங்கள். ஒரு வயர் மற்றொன்றைத் தொடாமல் தள்ளிப் பிடித்து, சுற்றிலும் மெதுவாக இறுகும் எபாக்சியை ஊற்றுங்கள். 5 நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். 24 மணிநேரம் எடுக்கும் வகையே தண்ணீருக்கு நிற்கிறது. பிவிசியைச் சொரசொரப்பாகத் தேய்த்துத் துடைத்துவிட்டு ஊற்றினால்தான் பிடிக்கும்.

காடி வாசனை வரும் சிலிகான் சீலண்டைப் பெட்டிக்குள் எங்கேயும் பூசாதீர்கள். காயும்போது வெளிவரும் அமிலம் செப்பைப் பச்சை பிடிக்க வைக்கும். பாசிட்டிவ் முனையை ஒட்டியே ஒரு ஃபியூஸ் கட்டாயம். தண்ணீருக்குள் ஷார்ட் ஆனால் கை நீட்டி அணைக்க முடியாது.

7. காற்று வெளியேற ஒரு வழி

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து விடாதீர்கள். ஈய பேட்டரி அதிகம் சார்ஜ் ஆனால் ஹைட்ரஜன் விடும்; "சீல்டு" என்று எழுதியிருந்தாலும் அதற்குள் ஒரு சிறு வால்வு இருக்கிறது. காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்தாலே பொறி பட்டால் தீப்பிடிக்கும். 1 லிட்டர் காற்றுள்ள பெட்டிக்கு 40 மில்லி போதும். லித்தியம் செல் கெட்டாலும் வாயு வரும். எட்டுப் போல்ட் போட்டு இறுக்கிய பெட்டிக்குள் அது சேர்ந்தால் பெட்டி குண்டுதான்.

பெட்டியை மூடிவைத்துச் சார்ஜ் செய்யவே கூடாது. எண்ட் கேப்பில் வெளிப்பக்கம் அகன்ற கூம்புத் துளை போட்டு, பள்ளி ஆய்வகத்தில் சோதனைக்குழாய்க்கு வைக்கும் ரப்பர் கார்க்கைக் கட்டைவிரலால் அமுக்கி ஒரு திருகு திருகி வைக்கிறேன். வெளியிலிருந்து தண்ணீர் அழுத்தினால் அது இன்னும் இறுகும். உள்ளிருந்து வாயு தள்ளினால் தெறித்து விழும். கரைக்கு வந்ததும் முதலில் கார்க், பிறகுதான் போல்ட். குக்கரின் சேஃப்டி வால்வைப் போடலாமா என்று கேட்கிறார்கள். அது நம் பெட்டி தாங்காத சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் செய்தது, வேண்டாம்.

8. பேட்டரி வைக்காமல் சோதனை

முதல் இறக்கத்தில் பெட்டிக்குள் இருக்க வேண்டியவை மடித்த செய்தித்தாளும் கூழாங்கல்லும் மட்டும். இரண்டு சோதனை செய்யுங்கள்.

கரையில்: ரப்பர் கார்க்குக்குப் பதில் துளையுள்ள கார்க்கும் சிறு குழாயும் வைத்து, பைக் மெக்கானிக்குகள் பிரேக் ஆயில் இறக்கும் கைப்பம்பால் காற்றை உறிஞ்சுங்கள். பம்பின் முள் பாதரச அளவில் 10 அங்குலத்தில் நிற்கும்வரை. ஏறக்குறைய மூன்றரை மீட்டர் ஆழத்துக்குச் சமம் இது. 15 நிமிடம் முள் அசையக் கூடாது. அசைந்தால் தண்ணீருக்குப் போகாதீர்கள்.

கிணற்றில்: நைலான் கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு. 1 மீட்டரில் 10 நிமிடம், எடுத்துப் பாருங்கள். பிறகு 3 மீட்டர். பிறகு போக நினைக்கும் ஆழத்தைவிட ஒன்றரை மடங்கு, ஒரு மணிநேரம். செய்தித்தாளின் மூலை கறுத்திருந்தால் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒழுகும் இடம் அந்தப் பக்கத்தில்தான்.

மூடுவது காலை நேரமாக இருக்கட்டும். மத்தியான வெக்கையில் மூடிய பெட்டி தண்ணீரில் குளிர்ந்ததும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், ஈரம் முத்து முத்தாக மூடியின் அடியில் கோக்கும். ஒழுகுகிறது என்று பயந்து இரண்டு முறை எல்லாவற்றையும் பிரித்திருக்கிறேன். 2 பொட்டலம் சிலிக்கா ஜெல் உள்ளே போட்ட பிறகு அந்த முத்துக்கள் இல்லை.

மிதப்பையும் இப்போதே பார்த்துவிடுங்கள். 110 பைப்பில் 20 சென்டிமீட்டர் நீளத்தைத் தண்ணீர் 1 கிலோ 900 கிராம் தூக்கும். பைப், செல் எல்லாவற்றையும் தராசில் வைத்து, மீதியை ஈயக் குண்டாகவோ இரும்பாகவோ அடியில் கட்டுங்கள்.

9. அனுமதியும் காகிதமும்

குடிநீர் ஊருணி என்றால் ஈய பேட்டரி வேண்டவே வேண்டாம். கால் கழுவக்கூட விடாமல் காப்பாற்றும் தண்ணீர் அது. எங்கள் ஊரில் ஊராட்சித் தலைவருக்கு ஒரு பக்கக் கடிதம் எழுதினோம்: என்ன இறக்குகிறோம், எந்தத் தேதி, எத்தனை மணிநேரம், பேட்டரி வகை, பெட்டியின் படம். நகலில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொண்டோம். 4 நாள் ஆனது. கோயில் தெப்பக்குளம் என்றால் கோயில் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும்.

கண்மாய் என்றால் பாசனப் பரப்பு 100 ஏக்கருக்குக் கீழே உள்ளவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத் துறை. அதைவிட முக்கியம் மீன் குத்தகைக்காரர். வலை எங்கே கட்டியிருக்கிறது என்று அவருக்குத்தான் தெரியும், வலை கிழிந்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

தேவகோட்டை தாண்டித் தொண்டிக் கடற்கரை பக்கம்தானே என்று கிளம்பிவிடாதீர்கள். பாக் விரிகுடாவில் இலங்கை எல்லை அருகில் இருக்கிறது, தண்ணீருக்குள் ஓடும் எதையும் சந்தேகமாகப் பார்ப்பது அங்கே இயல்பு. கடலோரக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவில் வருபவை. வனத்துறை அனுமதி இல்லாமல் பக்கத்தில்கூடப் போகாதீர்கள்.

10. செலவும் காலமும்

நான் கடைசியாகச் செய்த பெட்டிக்குக் கொடுத்தது: பைப் துண்டு 190 ரூபாய், எண்ட் கேப் 120, டெயில் பீஸும் ஃபிளேஞ்சும் 350, அக்ரிலிக் வட்டம் 400, லேத் கூலி 500, ஓ-ரிங் இரண்டு 80, எவர்சில்வர் போல்ட் 160, எபாக்சி 350, சொல்யூஷன் 70, கார்க் 20. பெட்டி மட்டும் 2,240. செல் நான்கு 1,400, செல்கள் அதிகம் சார்ஜ் ஆகாமல் காக்கும் பாதுகாப்புப் பலகை 300, சார்ஜர் 600, ஃபியூஸ் 60. ஆக மொத்தம் 4,600. அக்ரிலிக்கும் ஓ-ரிங்கும் மதுரையில் வாங்கினேன். பஸ் காசு தனி. கைப்பம்பு மெக்கானிக்கிடம் இரவல்.

வேலை மூன்று சனி, ஞாயிறு. ஒட்டியது ஒவ்வொன்றும் ஒரு நாள் முழுக்கக் காய வேண்டும் என்பதால் ஒரே வாரத்தில் முடிக்கப் பார்க்காதீர்கள். மழைக்காலத்தில் இன்னும் ஒரு நாள் கூட்டுங்கள். ஊருணி நிறைவது ஐப்பசி, கார்த்திகை மழையில். புரட்டாசியில் பெட்டி தயாராக இருந்தால் மார்கழி, தையில் கலங்கல் தெளிந்த தண்ணீரில் இறக்கலாம். சித்திரைக்குத் தள்ளினால் படிக்கட்டுதான் இருக்கும், தண்ணீர் இருக்காது.

11. எடுத்த பிறகு

வெளியே எடுத்ததும் துடைத்து, நிழலில் வைத்து, கார்க்கை எடுத்துவிட்டுத் திறங்கள். கடலில் இறக்கியிருந்தால் கார்க்கும் மூடியும் போட்டபடியே நல்ல தண்ணீரில் 2 மணிநேரம் ஊறவிட்டுப் பிறகு திறங்கள். ஓ-ரிங்கைக் கழற்றி, பள்ளத்தில் ஒரு மணல் துகள்கூட இல்லாமல் பஞ்சால் துடையுங்கள். மூடியைப் பூட்டியே அலமாரியில் வைத்தால் ரிங் நசுங்கிய வடிவத்திலேயே நின்றுவிடும். தனியாகக் கழற்றி வையுங்கள்.

உள்ளே தண்ணீர் புகுந்திருந்தால் அந்தச் செல்களை உலர்த்தி மறுபடி சார்ஜ் போடும் ஆசை வரும். போடாதீர்கள். வயரைத் துண்டித்து, வீட்டுக்கு வெளியே, எரியும் பொருள் எதுவும் இல்லாத இடத்தில் மண் தொட்டியில் இரண்டு நாள் வைத்து, சூடு இல்லை என்று பார்த்த பிறகு பழைய பேட்டரி எடுக்கும் கடையில் கொடுத்துவிடுங்கள். ஈய பேட்டரி என்றால் எடைக்குக் காசும் தருவார்கள். குப்பைத் தொட்டியிலோ ஊருணிக் கரையிலோ போடாதீர்கள்.

எங்கள் நீர்மூழ்கி போன தை மாதம் ஊருணியில் இறங்கி 40 நிமிடம் சுற்றியது. வடக்குப் படித்துறையில் கீழிருந்து மூன்றாவது படியில் இரண்டு கற்கள் சரிந்து கிடக்கின்றன. படத்தை ஊராட்சியில் கொடுத்திருக்கிறோம். செய்தித்தாளின் நான்கு மூலையும் காய்ந்திருந்தன.